கைக்கு வரும் மறுமொழி

எங்கள் வீட்டில் மூன்று பேர். போன வருடம் வரை அதில் இரண்டு பேர் வாகனம் ஓட்டுவதில்லை. மகனுக்கு வயது போதாது; எனக்குத் தைரியம் போதாது. ஒன்ராறியோவில் ஜி1 எழுத 16 வயது ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தைரியத்துக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

சென் ஜேம்ஸ் ரவுணில் இருப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. 1960களில் எழும்பிய 19 மாடிக் கட்டடங்கள், ஷெர்போர்ன் வீதிக்கும் பார்லிமென்ற் வீதிக்கும் இடையில் நெருக்கி நிற்கின்றன. சுரங்க ரயில் நடை தூரம். 65, 75, 94 என்று மூன்று பஸ் சுற்றிவர ஓடுகிறது. எண்பதுகளில் வந்து இறங்கிய எங்கள் ஆட்கள் பலர் முதலில் காலூன்றியது இங்கேதான். ஒரு அறையில் ஆறு பேர் படுத்து எழும்பிய கதைகளை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அவர்களில் அநேகம் பேர் பிறகு ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று போய்விட்டார்கள். நான் கவனித்த அளவில், இங்கிருந்து வெளிக்கிட்டவர்கள் முதலில் வாங்கியது கார்; வீடு அதற்குப் பிறகு. மிஞ்சி நிற்கிற எங்களில் பலர் பஸ் பாஸோடு மிஞ்சி நிற்கிறவர்கள்.

எனக்கு வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. காலையில் ஈஸ்ற் யோர்க்கில் ஒருவரைக் குளிப்பாட்டி, மத்தியானம் ஸ்காபரோவில் இன்னொருவருக்குச் சாப்பாடு கொடுத்து, பின்னேரம் திரும்பவும் மேற்கே வர வேண்டும். ஒரு நாளில் நாலு மணித்தியாலம் பஸ்ஸில் போய்விடும். அதற்குச் சம்பளம் இல்லை. கார் வைத்திருக்கிறவர்களுக்குக் கூடுதல் வீடுகள் கிடைக்கும். கணவருக்கு இரவு வேலை. பகல் முழுக்க எங்கள் பழைய கொறொல்லா கீழே சும்மா நிற்கும். என் கைப்பையில் ஜி2 லைசென்ஸ் சும்மா கிடக்கும்.

காரணம் 2023 மாசி மாதத்தில் ஒரு நாள். உறைமழை பெய்து வீதியெல்லாம் கண்ணாடிபோல இருந்தது. டொன் வலி பார்க்வேயை விட்டு புளோர் வீதிப் பக்கம் ஏறுகிற வளைவில் மெதுவாக வந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த வாகனம் நிற்க முடியாமல் வழுக்கி வந்து எங்களை இடித்தது. கார் ஒரு தட்டுப்போலச் சுழன்று ஓரத்துச் சுவரில் போய் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. பிழை எங்கள் பக்கம் இல்லை என்று காப்புறுதிக்காரரே எழுதித் தந்தார்கள். ஆனால் அந்தச் சில விநாடிகளில் என் கையில் இருந்த ஸ்ரியறிங் தானாகத் திரும்பியது. கயிற்றில் கட்டிய மாடு திமிறுவதுபோலத் திமிறியது. சத்தம், வெளிச்சம் எல்லாம் மறந்துபோயிற்று. கை மட்டும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சாரதி ஆசனத்தில் உட்கார்ந்தாலே விரல்கள் குளிர்ந்துவிடும். ஜி1 எடுத்து ஐந்து வருடத்துக்குள் ஜி எடுக்காவிட்டால் எல்லாம் முதலில் இருந்து. என் தவணை 2026இல் முடிகிறது. நாட்களை எண்ணத் தெரிந்ததே தவிர, கீழே போய்க் காரை எடுக்கத் தெரியவில்லை.

2024 ஐப்பசியில் மகன் ஒரு ஸ்ரியறிங் சக்கரம் வாங்கி வந்தான். கோடை விடுமுறையில் வேலை செய்து சேர்த்த காசு. ஷெர்போர்ன் ஸ்ரேஷன் வாசலில் யாரிடமோ பழைய விலைக்கு வாங்கி, நான் மரக்கறி வாங்குகிற தள்ளுவண்டிலில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தான். லொஜிரெக் ஜி29. 2015இல் வெளிவந்த வகை. தோல் சுற்றிய சக்கரம். கிளச், பிறேக், அக்சிலறேற்றர் என்று மூன்று பெடல். பிளேஸ்ரேஷனில் பொருத்திக் கார்ப் பந்தயம் ஓடலாம்.

சாப்பாட்டு மேசையின் விளிம்பில் அதை இறுக்கினோம். பெடல்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதன் பிறேக் மிகவும் இறுக்கம். அழுத்தினால் கார் நிற்பதற்குப் பதிலாகப் பெடல் தரையில் வழுக்கிச் சுவர்ப் பக்கம் போனது. கடைசியில் 20 இறாத்தல் அரிசிப் பையை அதற்கு முட்டுக் கொடுத்தோம். பந்தயக்காரர்கள் இதற்கென்று இரும்புச் சட்டமும் ஆசனமும் வாங்குவார்களாம். எங்களுக்குப் புழுங்கலரிசி போதுமாக இருந்தது.

மின்சாரத்தைப் போட்டதும் அந்தச் சக்கரம் யாரும் தொடாமலே விறுக்கென்று இடப்பக்கம் முழுக்கச் சுழன்று, வலப்பக்கம் முழுக்கச் சுழன்று, நடுவில் வந்து நின்றது. நான் கதிரையோடு பின்னால் போய்விட்டேன்.

“அம்மா, அது தன்ரை நடு எங்கை எண்டு பாக்குது. ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான். பயப்பிடாதேங்கோ.”

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் எழும்பிப் போகவில்லை. சுழன்ற பிறகு அது நடுவுக்கு வந்து அமைதியாக நின்றது என்பதை என் கை பார்த்துவிட்டது.

இதை ஃபோர்ஸ் ஃபீட்பாக் என்கிறார்கள். சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு மின்மோட்டர்கள், பல்சக்கரங்கள் வழியாக அதன் தண்டைத் திருப்புகின்றன. விளையாட்டுக்குள் ஓடுகிற காரின் முன் ரயர்களில் என்ன விசை விழுகிறதென்று கணினி கணித்து மோட்டருக்கு அனுப்புகிறது. மோட்டர் அதை உங்கள் உள்ளங்கையில் தருகிறது. இந்த யோசனை பழையது. அற்றாரி நிறுவனம் 1989இலேயே ‘ஹார்ட் டிறைவின்’ என்ற விளையாட்டுப் பெட்டியில் கிளச், கியர், கையைத் திருப்பித் தள்ளுகிற ஸ்ரியறிங் எல்லாம் வைத்து விட்டது. அந்த வருடம் நாங்கள் இந்திய இராணுவக் காலத்து யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு எப்போது எடுப்பார்கள் என்று வானொலிக்கு முன்னால் இருந்தோம்.

ரயர் ஏன் கையைத் தள்ள வேண்டும்? ஊரில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பள்ளிக்கூடத்துக்கு லுமாலாவில் போகும்போது இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓடுவோம். ஹாண்டில் தன்பாட்டில் நேராக நிற்கும். முன் கவை சரிந்து இருப்பதால், சில்லு நிலத்தைத் தொடுகிற இடம், திரும்புகிற அச்சுக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வருகிறது. இழுபட்டு வருவது எப்போதும் நேராகத்தான் வரப் பார்க்கும். பல்பொருள் அங்காடித் தள்ளுவண்டிலின் முன் சில்லும் அப்படியே. காரிலும் அதேதான்: நீங்கள் திருப்புகிறீர்கள், ரயர் நேராக வர விரும்புகிறது. அந்த விருப்பம்தான் கையில் பாரமாகத் தெரிவது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வளைவில் வேகம் கூடக் கூடப் பாரம் ஏறிக்கொண்டே போகும். ஆனால் ரயர் தன் பிடியை இழக்கப் போகிற நேரத்தில், முழுக்க இழப்பதற்குச் சற்று முன்பே, அந்தப் பாரம் குறையத் தொடங்கும். சக்கரம் லேசாகிவிடும். சிக்கல் வருகிறது என்ற சேதி, கூடுதல் பாரமாக வருவதில்லை. பாரம் இல்லாமல் போவதாக வருகிறது. முதல் இரண்டு கிழமையும் அந்த லேசு வந்ததும் நான் இன்னும் திருப்புவேன். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள் என்றான் மகன். திருப்பத் திருப்பக் கார் நேரே புல்லுக்குள் போகும். செய்ய வேண்டியது எதிர்மாறு: திருப்பியதில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுத்தால் பாரம் திரும்பி வரும். பாரம் வந்தால் பிடி வந்துவிட்டது என்று அர்த்தம்.

பழகுவது இலகுவாக இருக்கவில்லை. முதல் நாள் பத்து நிமிடத்தில் முன்னங்கை வலித்தது. கண் ஓடுகிறது, உடம்பு ஓடவில்லை. அதனால் தலை சுற்றியது. இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தேன். அடுத்த நாள் மகன் விசையைக் குறைத்துவிட்டான். குறைத்தால் உண்மையாக இருக்காதே என்றேன்.

“கூட்டி வைச்சால்தான் ஒண்டும் தெரியாது அம்மா. உங்கடை பழைய றேடியோவை முழுக்கக் கூட்டினால் கரகரக்குமே, அதைப்போலை.”

அவன் சொன்னது சரியான விளக்கம். இந்த மோட்டரின் உச்சம் ஏறத்தாழ 2 நியூட்டன் மீற்றர். சக்கரத்தின் விளிம்பில் ஒன்றரைக் கிலோ பாரம் தொங்குவதற்குச் சமம். அதற்கு மேலே எது நடந்தாலும் மோட்டருக்கு ஒரே உச்சம்தான். பெரிய குலுக்கலுக்கும் சின்னக் குலுக்கலுக்கும் வித்தியாசம் காட்ட முடியாது. தண்டோடு நேரே மோட்டரைப் பொருத்திய விலை கூடிய வகைகள் இருக்கின்றன. அவற்றில் சில 25 நியூட்டன் மீற்றர் வரை போகும். விளிம்பில் 15 கிலோவுக்கும் மேல். கையை முறித்துவிடும். எங்களுக்கு இருந்ததைக் குறைத்து வைத்தபோதுதான் சின்னச் சின்ன விஷயங்கள் தெரிய வந்தன. ஓரக்கல்லின் உரசல், பிறேக் பிடிக்கும்போது முன்பக்கம் கனப்பது, மேடு ஏறி இறங்கும்போது ஒரு கணம் கை வெறுமையாவது.

“நீங்கள் அதோடை சண்டை பிடிக்கிறீங்கள். அது உங்களைத் தள்ளேல்லை. உங்களுக்குச் சொல்லுது” என்று ஒருநாள் சொன்னான். பிறகு, ஃபோர்ஸ் ஃபீட்பாக்குக்குத் தமிழ் என்ன என்று கேட்டான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிக்கிற பிள்ளை. சில நேரம் அப்படிக் கேட்பான். ‘எதிர்விசை’ என்றேன். சொல்லிவிட்டு யோசித்தேன். எதிர் என்றால் எதிரி மாதிரி இருக்கிறது. கடைசியில் ‘மறுமொழி’ என்று முடிவு செய்தோம். நீ ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்லுவது.

என் அப்பா வைத்திருந்தது ஒரு ஏ40. வாடகைக்கு ஓடினார். பவர் ஸ்ரியறிங் என்ற பேச்சே இல்லாத கார். வீதியின் ஒவ்வொரு குழியும் நேரே கைக்கு வரும். அவர் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை. பெருவிரலை வெளியே விட்டு, மற்ற விரல்களை மேலே போட்டுக்கொண்டு இருப்பார். ஓடிக்கொண்டிருக்கும்போதே, “முன் இடப்பக்க ரயரிலை காத்துக் குறைஞ்சு போச்சு” என்பார். இறங்கிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை வந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராற் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார். இயந்திரம் இருமும், புகையும். ஸ்ரியறிங் மட்டும் முன்புபோலவே கதைத்துக்கொண்டிருந்தது.

1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவில், அந்தக் காரும் எங்களோடு வந்தது. உள்ளே அம்மம்மாவும் அயல்வீட்டு நோயாளி ஒருவரும் மூட்டைகளும். நாங்கள் பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். செம்மணி வெளியில், மழைக்குள், சனத்துக்கு நடுவே கார் நத்தைபோல ஊர்ந்தது. வேகமாகப் போகும்போது லேசாக இருக்கிற சக்கரம், ஊரும்போதுதான் கல்லாகக் கனக்கும். ரயர் உருளாமல் அதே இடத்தில் நிலத்தை அரைக்க வேண்டும். இராமுழுக்க அப்பா அதை இழுத்து இழுத்துத் திருப்பினார். விடியச் சாவகச்சேரியில் அவருடைய இரண்டு முன்னங்கைகளும் வீங்கி இருந்தன. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அம்மா பிடித்துப் பருக்கினார். பவர் ஸ்ரியறிங் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கைகள்தான் ஞாபகம் வரும்.

இதை நினைக்கும்போது ஒரு விசித்திரம் பிடிபட்டது. இன்றைக்கு ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்ரியறிங்கோடு ஒரு மின்மோட்டர் இருக்கிறது. பாரத்தைக் கையில் இருந்து எடுத்துவிடுவது அதன் வேலை. என் சாப்பாட்டு மேசையிலும் மோட்டர் இருக்கிறது. இல்லாத பாரத்தைக் கையில் கொண்டுவந்து வைப்பது இதன் வேலை. வீதியில் ஒரு மோட்டர் எங்களிடமிருந்து மறைத்ததை, வீட்டில் இன்னொரு மோட்டர் காசுக்குத் திருப்பித் தருகிறது.

நாங்கள் ஓடியது கிரான் ரூரிஸ்மோ 7. அதிலும் லைசென்ஸ் இருக்கிறது. ஐந்து படி, ஒவ்வொன்றிலும் பத்துப் பரீட்சை. புறப்பட்டு, சொன்ன இடத்தில் நிற்பதில் இருந்து தொடங்கும். ஜி2வோடு இரண்டு வருடமாக ஒளிந்திருந்தவள் ‘நஷனல் பி’ லைசென்ஸுக்குப் பத்து நாள் பாடுபட்டேன். வெண்கலம்தான். மகன் எல்லாவற்றிலும் தங்கம்.

அந்த விளையாட்டில் லேக் லூயிஸ் என்றொரு பனிப் பாதை உண்டு. அல்பேர்ட்டாவில் மலைகளுக்கு நடுவே இருக்கிற அதே லேக் லூயிஸ். 2023 கார்த்திகையில் சேர்த்தார்கள். எனக்குத் தேவையாக இருந்தது அதுதான். வெள்ளை நிலம், பிடி இல்லாத ரயர். முதல் வளைவிலேயே பின்பக்கம் வெளியே போனது. உடனே சக்கரம் என் கையில் தானாகத் திரும்பியது. அதே திமிறல். அதே குளிர் விரல்களில் ஏறியது.

“விடுங்கோ அம்மா. கையைத் தளத்துங்கோ. அது எங்கை போகுது எண்டு பாருங்கோ.”

விட்டேன். சக்கரம் விரல்களுக்குள்ளால் வழுக்கி ஓடியது. பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் அதுவும் திரும்பியது. கார் வழுக்கினால் போக வேண்டிய திசையைப் பார்த்துத் திருப்பு என்று ஒன்ராறியோக் கையேட்டில் படித்திருக்கிறேன். அந்தத் திசைக்குத்தான் சக்கரம் தானாகவே போகிறது. முன் ரயர்கள் இழுபடுகிற பக்கத்துக்கு நேராக வரப் பார்க்கின்றன, சைக்கிள் ஹாண்டில்போல. அப்படியென்றால் அந்த மாசி மாதத்தில் என் கையில் திமிறியது என்னைக் கவிழ்க்கத் திமிறவில்லை. நேராக வரத்தான் திமிறியது. இதை ஒருவர் வாயால் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். கை தலையாட்டியிராது. ஒரு இரவில் நாற்பது, ஐம்பது தடவை அந்த வளைவில் வழுக்கினேன். ஐந்தாம் நாள் விரல்கள் குளிரவில்லை.

இரவில்தான் எனக்கு நேரம். பல்சக்கரங்கள் கடகடவென்று சத்தம் போடும். ஒருநாள் கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். கையில் ஒரு பை.

“பிள்ளை, இரவிலை பிளவுஸ் தைக்கிறீர் போலை கிடக்கு. எனக்கும் ரண்டு தைக்கக் கிடக்கு.”

உள்ளே கூட்டிக்கொண்டுவந்து காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, தானும் இருந்து ஒரு சுற்று ஓடினார். மேசைக்குக் கீழே தடித்த றப்பர் விரிப்பு வாங்கிப் போடச் சொல்லிவிட்டுப் போனார். போட்டோம். அந்த நாட்களில், 2025 தை மாதம், அஜித்தின் அணி டுபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்திருந்தது. “அங்கை அஜித் போர்ஷேயிலை ஓடுறார். இங்கை இவ அரிசிப் பையிலை முட்டுக் குடுத்து ஓடுறா” என்று கணவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். விளையாட்டில் பழகி உண்மைப் பந்தயத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ 2011இல் கிரான் ரூரிஸ்மோ போட்டியில் வென்று தொழில்முறைச் சாரதியானவர். அவரைப் பற்றி 2023இல் படமும் வந்தது. எனக்கு ஈஸ்ற் யோர்க் வரை போனால் போதும்.

இந்தச் சக்கரம் தராதவையும் உண்டு. வளைவில் உடம்பு ஒருபக்கம் சரிவது இல்லை. கார் வழுக்குவதை அனுபவசாலிகள் முதலில் அறிவது இடுப்பால். எங்கள் சாப்பாட்டுக் கதிரைக்கு அது தெரியாது. விலை கொடுக்க வேண்டிய பயமும் இல்லை. சுவரில் மோதினால் திரும்பத் தொடங்கலாம். அது குறையா, நன்மையா என்றால், பயந்தவளுக்கு அது நன்மை. ஐம்பது தடவை மோத அனுமதிக்கிற வீதி எங்கே இருக்கிறது?

2025 மாசியில் பனி கொட்டிய கிழமை ஒன்றில், பயிற்றுநர் ஒருவரோடு உண்மைக் காரில் ஏறினேன். முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஸ்ரியறிங் ஊமைபோல இருந்தது. மேசைச் சக்கரம் அவ்வளவு கதைத்தது. இது ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடம் போகத்தான், அது சொல்லாமல் இல்லை, மெதுவாகச் சொல்கிறது என்று விளங்கியது. ரோஸ்டேல் வலி றோட் எங்கள் கட்டடங்களுக்கு வடக்கே பள்ளத்தில் நெளிந்து போகிற வீதி. அங்கே ஒரு வளைவில் நசிந்த பனிக்கு மேல் முன்பக்கம் போனபோது கையில் இருந்த சின்னப் பாரமும் இல்லாமல் போனது. கால் தானாக அக்சிலறேற்றரை விட்டது. கை, திருப்பியதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. பாரம் வந்தது. கார் வளைவோடு போனது. பயிற்றுநர் தன் பக்கத்து பிறேக்கில் காலை வைத்திருந்தார்; அழுத்தவில்லை. “எத்தினை வருசமா ஓடுறீங்கள்?” என்று கேட்டார். “இரவிலை மட்டும்” என்றேன்.

ஆவணியில் ஜி கிடைத்தது. கார்த்திகையில் மகனுக்கு 16 முடிந்து ஜி1 எழுதினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்து பழக்க நாலு வருட அனுபவம் உள்ளவர்தான் இருக்கலாம். ஆகவே கணவர் முன்னால், நான் பின்னால். முதல் நாளே, “இந்த ஸ்ரியறிங்கிலை ஒண்டும் தெரியேல்லையே” என்று குறைப்பட்டான். கொஞ்சநாள் போக உனக்குக் கேட்கும் என்றேன்.

மேசையில் சக்கரம் இன்னும் இருக்கிறது. போன கிழமை அரிசி அடியில் போய், பெடல் திரும்ப வழுக்கத் தொடங்கிவிட்டது. மார்க்கம் றோட்டில் உள்ள கடையில் 40 இறாத்தல் பை மலிவு. வெளியே லேசாகப் பனி தூவிக்கொண்டிருந்தது. கணவர் நித்திரை. திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, பார்க்வேயால் போய், நானே வாங்கிக்கொண்டு வந்தேன்.